நடுக்குவாதமும் துவிச்சக்கர வண்டியும்

1817ஆம் ஆண்டு ஐரோப்பாவிலே இரு சிறு நிகழ்ச்சிகள் நடந்தன. ஒன்றை மற்றொன்றோடு தொடர்புபடுத்தி நோக்குவதற்கு அக்காலத்தில் எவருக்கும் காரணம் இருக்கவில்லை. இலண்டன் மாநகரின் ஓரத்திலே ஹொக்ஸ்ரன் என்னும் பகுதியில் வாழ்ந்த ஜேம்ஸ் பாக்கின்சன் என்ற வைத்தியர், உடல் நடுங்கும் நோய் ஒன்றைப் பற்றி 66 பக்கங்கள் கொண்ட சிறு நூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டு யூன் மாதம் 12ஆந் திகதி, ஜேர்மனியின் மான்ஹைம் நகரிலே கார்ல் டிறைஸ் என்னும் பிரபு, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு மரச் சக்கரங்கள் பூட்டிய விசித்திரமான வாகனம் ஒன்றில் ஏறியமர்ந்து, கால்களால் நிலத்தை உந்தி உந்திச் சென்றார். போகவும் வரவுமாகப் பதினான்கு கிலோமீற்றர் அளவான தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் அவர் கடந்துவிட்டாராம். இன்று நமது ஒழுங்கைகளெல்லாம் ஓடித் திரியும் துவிச்சக்கர வண்டியின் மூதாதை அதுவே.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. அச்சந்திப்பு ஏன் அத்துணை தாமதமாயிற்று என்பதே இங்கு ஆராயத்தக்க விடயம்.

பாக்கின்சனைப் பற்றி முதலில் சிறிது கூறுதல் பொருந்தும். 1755ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆந் திகதி பிறந்த இவர் தந்தையைப் போலவே ஓர் அப்போதிக்கரி. அதாவது மருந்து கலந்து கொடுப்பதும் சிறு சத்திர சிகிச்சைகள் செய்வதும் தொழிலாகக் கொண்டவர். பெரும் பட்டம் பதவி எதுவும் அவருக்கு இல்லை. ஆயினும் மனிதர் பல துறைகளிலே மனம் செலுத்தியவர். ஏழைகளின் வாக்குரிமைக்காகப் புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதி, 1794ஆம் ஆண்டில் அரசரைக் கொல்லும் சதி ஒன்று தொடர்பாகப் பிரித்தானிய மந்திராலோசனைச் சபையின் முன்னிலையில் விசாரிக்கவும் பட்டார். பூமியில் புதைந்து கல்லாகிய உயிர்களைப் பற்றி மூன்று பாகங்களில் பெருநூல் எழுதினார். சிறுவர்கள் அபாயமான விளையாட்டுக்களில் ஈடுபடலாகாது என்று எச்சரிக்கும் கதைநூல் ஒன்றும் அவருடையதே! அவருடைய பெயரைத் தாங்கிய நோய்க்கு ஓட்டமும் சைக்கிளும் குத்துச்சண்டைப் பயிற்சியும் மருந்தாகும் காலம் ஒன்று வருமென்று அவரிடம் எவரேனும் கூறியிருப்பின் அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

அவருடைய நூல் ஆறு மனிதரை மட்டுமே ஆதாரமாகக் கொண்டது. அவர்களுள் இருவரை அவர் வீதியிலே தற்செயலாகக் கண்டு விசாரித்தார். ஒருவர் நீதவான் அலுவலகத்திற் பணி செய்தவர். மற்றவர் முன்னாள் மாலுமி. ஸ்பானியச் சிறையிலே ஈரத் தரையில் மாதக்கணக்காகக் கிடந்ததே தமது நோய்க்குக் காரணம் என்று நம்பியிருந்தவர். இன்னொருவரைத் தூரத்திலிருந்து கண்டதோடு சரி. வெறுங் கண்ணையும் காதையும் தவிர வேறு கருவி எதுவுமின்றி அவர் எழுதி வைத்த வர்ணனை இன்றும் பிழையென்று தள்ளப்படாமல் நிற்கின்றது. கை வேலை செய்யும்போது நடுங்காமல், ஓய்ந்திருக்கும்போது நடுங்குகின்றது. உடல் முன்னோக்கி வளைகின்றது. நடக்கத் தொடங்கியவர் தம்மையறியாமலே ஓடத் தொடங்குகின்றார். இவற்றை அவர் தெளிவாகக் குறித்தார்.

தூரத்திலிருந்து கண்ட அந்த ஐந்தாவது நோயாளியின் காட்சி ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அவரால் நடக்க இயலாது. பணியாள் ஒருவன் அவர் முன்னே நின்று, இரு தோள்களிலும் கைகளை வைத்துத் தாங்கிக்கொள்வான். அவர் முன்னும் பின்னுமாக மெல்ல அசைந்து அசைந்து தம்மை நிலைப்படுத்திக் கொள்வார். பின்னர் ஒரு வார்த்தை சொல்லியதும் பணியாள் விலகி முன்னே ஓட, அவர் ஓட்டமாகப் புறப்படுவார். இருபது அடி சென்றதும் விழப்போகும் அவரைப் பிடிப்பதற்கு அவன் ஆயத்தமாக நிற்பான். நடக்க முடியாதவர் ஓடினார் என்னும் இந்தப் புதிரைப் பாக்கின்சன் பதிந்து வைத்தாரேயன்றி அதன் உட்பொருளைத் தொடர்ந்து ஆராயவில்லை. நோயின் இருப்பிடம் கழுத்தின் பகுதியிலுள்ள முண்ணாண் என்று கருதிய அவர், அவ்விடத்தில் இரத்தம் வாங்குவதையும் கொப்புளம் எழுப்புவதையுமே பரிகாரமாகச் சொன்னார். 1824ஆம் ஆண்டு அவர் காலமானார். நூலும் பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அதனை உலகறியச் செய்தவர் பாரிஸ் நகரத்துச் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் இருந்த பேரறிஞர் ஷார்க்கோ ஆவார். 1870களில் அவர் ஆற்றிய விரிவுரைகளிலேதான் இந்நோய்க்குப் பாக்கின்சனின் பெயர் நிலைபெற்றது. நோயாளர் எல்லோரும் நடுங்குவதில்லை. தசைகளின் இறுக்கமும் அசைவின் மந்தமுமே சிலருக்குப் பெருந்துன்பம். ஆகையால் நடுக்குவாதம் என்ற பெயர் முற்றும் பொருந்தாது என்பது அவர் கருத்து. தமிழிலே நமக்கு அப்பெயர் பழகிப்போய்விட்டது.

ஷார்க்கோவிடம் வந்த நோயாளர் சிலர் ஒரு புதுமையான செய்தியைக் கூறினர். நீண்ட புகையிரதப் பயணத்தின் பின்னும், கரடுமுரடான பாதையிலே குதிரை வண்டியிற் குலுங்கிச் சென்ற பின்னும், தமது உடல் இலேசாக இருப்பதாக அவர்கள் உணர்ந்தனர். சாதாரண மனிதனுக்கு உடம்பு நொந்துபோகும் பயணம் இவர்களுக்கு இதமளித்தது. பிற வைத்தியர் சிரித்துத் தள்ளியிருக்கக் கூடிய இக்கூற்றை ஷார்க்கோ செவிமடுத்தார். தாமாகவே அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து நோயாளரை அதில் அமர்த்தினார். அவர்கள் தேறினர் என்றும் இரவில் நன்கு உறங்கினர் என்றும் 1892ஆம் ஆண்டில் அறிவித்தார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தமையால் ஆராய்ச்சி நின்றது. இந்நூற்றாண்டில், 2012ஆம் ஆண்டளவில், அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதனை மீண்டும் சோதித்தபோது, அதிரும் நாற்காலியில் இருந்தோரும் அதிராத நாற்காலியில் இருந்தோரும் ஒரே அளவிற் குணம் கண்டதாகத் தெரியவந்தது. எனவே அதிர்வு மருந்தாகாது எனலாம். ஆயினும் நோயாளியின் வாய்மொழியை ஒரு சான்றாக மதித்த ஷார்க்கோவின் பண்பு பெரிது; இந்த வரலாற்றின் பிற்பகுதியில் அது மீண்டும் பயன் தரக் காண்போம்.

இதற்கிடையில் இங்கிலாந்திலே வேறொரு போக்கு வேரூன்றியது. சேர் வில்லியம் கவர்ஸ் என்னும் நரம்பு வைத்திய நிபுணர் 1886ஆம் ஆண்டுக்கும் 1888ஆம் ஆண்டுக்கும் இடையில் இரு பாகங்களாக வெளியிட்ட பெருநூல், தலைமுறை தலைமுறையாக வைத்தியர்களுக்கு வேதம் போல் விளங்கியது. கூனிய முதுகும் மடிந்த முழங்கைகளுமாக அதில் வரையப்பட்ட நோயாளியின் படம் இன்றும் பாடநூல்களிற் காணப்படுவது. இத்தகைய நோயாளர் மனத்துக்கும் உடலுக்கும் களைப்புத் தரும் யாவற்றையும் விலக்கி, வேலையும் கவலையும் அற்ற அமைதியான வாழ்வு வாழ வேண்டுமென்று கவர்ஸ் போதித்தார். அன்பினால் எழுந்த போதனைதான். ஆனால் அதன் விளைவு எத்தகையது? அசைவதற்கே இடர்ப்படும் உடலை அசையாதிருக்கும்படி பணித்ததாயிற்று. சாய்மனைக் கதிரையிலே அமர்த்தப்பட்டவர் மேலும் இறுகிப்போனார். இறுகிப்போனதைக் கண்ட வீட்டார் நோய் முற்றிவிட்டதென்று எண்ணி மேலும் ஓய்வு கொடுத்தனர். நோயின் வேலை எவ்வளவு, ஓய்வின் வேலை எவ்வளவு என்று பிரித்தறிய எவரும் முயன்றிலர். கவர்ஸின் நூல் முற்றுப்பெற்ற அதே 1888ஆம் ஆண்டில்தான் பெல்பாஸ்ற் நகரிலே டன்லப் என்பவர் காற்றடைத்த இறப்பர்ச் சக்கரத்துக்கு உரிமை பெற்றார் என்பதும், அதற்கு மூன்றாண்டு முன்னரே கொவென்றி நகரில் ஸ்ராலி என்பவர் சங்கிலி பூட்டிய இன்றைய வடிவத்துச் சைக்கிளை அமைத்துவிட்டார் என்பதும் இவ்விடத்தில் நினைவு கூரத்தக்கன.

இனி, நோய் உடலின் எப்பாகத்தில் வேலை செய்கின்றது என்பதைச் சுருங்கக் கூறுவோம். மூளையின் அடிப்பகுதியில் கரிய நிறமுள்ள சிறு பகுதி ஒன்று உண்டு. 1919ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலே திரெத்தியாகொப் என்பவர், இந்நோயால் இறந்தோரில் அப்பகுதி அழிந்திருப்பதைக் காட்டினார். அங்குள்ள கலங்கள் டோபமீன் என்னும் இரசாயனப் பொருளைச் சுரந்து, அசைவை ஆளும் மூளைப் பகுதிக்கு அனுப்புகின்றன. அப்பொருள் குன்றினால் எண்ணியதை உடல் செய்யாது. கால் எடுத்து வைக்க மனம் ஏவும். கால் தரையில் ஒட்டியது போல நின்றுவிடும். வியப்பு என்னவெனில், தாமாக நடக்க இயலாத அவரே, தரையிற் குறுக்காகக் கோடுகள் வரைந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பார், படிகளில் ஏறுவார். இதனை இங்கிலாந்தின் பேடன் மாட்டின் என்னும் வைத்தியர் 1967ஆம் ஆண்டில் எழுதிய நூலில் விரிவாகக் காட்டினார். உள்ளிருந்து எழும் ஏவல் தளர்ந்தாலும், வெளியிலிருந்து வரும் ஏவலுக்குக் கால் பணிகின்றது. பாக்கின்சன் கண்ட கனவானுக்கு முன்னே நின்ற பணியாளின் கைகளும் இத்தகைய ஏவலாகவே இருந்திருக்க வேண்டும்.

மருந்தின் கதையில் நமது தேசங்களுக்கும் ஒரு பங்குண்டு. சர்ப்பகந்தா வேர் இலங்கையிலும் இந்தியாவிலும் நாட்டு வைத்தியர் கையாண்டது. அதிலிருந்து எடுக்கப்பட்ட றெசர்ப்பின் என்னும் சத்தை முயல்களுக்குக் கொடுத்தால் அவை அசைவற்றுக் கிடக்கும். சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957ஆம் ஆண்டில் அத்தகைய முயல்களுக்கு லெவோடோபா என்னும் மருந்தை ஏற்றியபோது அவை எழுந்து ஓடின. இந்த லெவோடோபா நமது வேலிகளிற் படரும் பூனைக்காலி விதையில் நிறைந்துள்ளது. அதனை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937ஆம் ஆண்டில் அறிவித்தவர்கள் சென்னையிலே சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உழைத்த தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர். ஆயுர்வேத நூல்கள் கம்பவாதம் என்று கூறும் நோய்க்குப் பூனைக்காலியைச் சேர்த்திருப்பதும் நோக்கத்தக்கது. 1960ஆம் ஆண்டில் வியன்னாவில் ஹோர்னிகீவிச், நோயாளரின் மூளையிலே டோபமீன் குன்றியிருப்பதை அளந்து காட்டினார். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்பவர் லெவோடோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய் வழியே கொடுத்துப் பலரை எழுந்து நடக்கச் செய்தார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

லெவோடோபா இன்றும் முதன்மையான மருந்தே. ஆயினும் ஆண்டுகள் சிலவற்றின் பின் அதன் பலன் ஏறி இறங்கத் தொடங்குகின்றது. கைகால் தம்மிச்சையாய் ஆடும் தொல்லையும் வரலாம். உடற்சமநிலை இழத்தலும் கால் உறைதலும் மருந்துக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. இங்கேதான் தேகாப்பியாசத்தின் கதை தொடங்குகின்றது. அது தொடங்கியதும் ஆய்வுகூடத்திலன்று.

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே அயோவா மாகாணத்தைக் குறுக்காகக் கடக்கும் வருடாந்தச் சைக்கிள் ஓட்டம் நடைபெற்றது. ஜே அல்பேட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், இந்நோயுற்ற பெண்மணி ஒருவரைப் பின் இருக்கையில் அமர்த்தி, இருவர் மிதிக்கும் சைக்கிளிலே சென்றார். நோயைப் பற்றி மக்களுக்கு அறிவூட்டுவதே நோக்கம். சிகிச்சை என்ற எண்ணம் இருக்கவில்லை. சில நாள்கள் சென்றதும் அப்பெண்மணியின் கையெழுத்துத் தெளிவடைந்ததை அவர் கண்டார். இந்நோய் உள்ளவரின் எழுத்து வர வரச் சிறுத்துக் குறுகுவது வழக்கம். மிதித்தவை கால்கள், திருந்தியது கை! கால் தசைகள் வலுவடைந்தமையால் கையெழுத்துத் திருந்துமா? மூளையிலேதான் ஏதோ மாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார்.

இதனைச் சோதித்த அவருடைய குழுவினர் 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நோயாளர் பத்துப் பேர், எட்டு வாரங்கள், வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். ஒரு சாரார் தாமாகவே தமக்கியன்ற வேகத்தில் மிதித்தனர். மற்றச் சாரார் பயிற்சியாளரோடு இரட்டைச் சைக்கிளில் அமர்ந்து, தமது இயல்பான வேகத்தினும் 30 சதவீதம் விரைவாக மிதிக்கும்படி செய்யப்பட்டனர். இரண்டாம் சாராரின் அசைவுக் குறைபாடு 35 சதவீதம் குறைந்தது. முதற் சாராரிடம் அத்தகைய மாற்றமில்லை. பத்துப் பேரைக் கொண்டு உலகுக்கு விதி வகுத்தல் தகாது என்பது உண்மையே. எனினும் இதன் பின் இத்துறையில் ஆராய்ச்சிகள் பெருகின.

அடுத்த நிகழ்ச்சி சைக்கிளின் தாயகம் என்று சொல்லத்தக்க ஒல்லாந்து தேசத்திலே நிகழ்ந்தது. நைமேகன் நகரின் பல்கலைக்கழக வைத்தியசாலையில் பஸ்ரியான் புளூம் என்னும் நரம்பு வைத்திய நிபுணரிடம் 58 வயதுடைய ஒருவர் வந்தார். பத்தாண்டுகளாக நோயுற்றவர். இரண்டடி வைப்பதற்குள் கால்கள் உறைந்துவிடும். பிறர் பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவார். இத்தகையவர், முதல் நாள் தாம் பத்துக் கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டியதாகச் சர்வசாதாரணமாகக் கூறினார்! வைத்தியர் நம்பவில்லை. ஆயினும், ஷார்க்கோவைப் போலவே, அவர் அக்கூற்றைத் தள்ளிவிடவுமில்லை. சைக்கிள் ஒன்று கொண்டுவரப்பட்டது. சற்று முன் நடைகூடத்தில் நிற்க முடியாது தடுமாறியவர், வைத்தியசாலைக்கு வெளியே வீதியிலே நேராகச் சென்று, அழகாகத் திரும்பி, தடையின்றி மிதித்து வந்தார். இறங்கிய கணமே மீண்டும் கால்கள் உறைந்தன. 2010ஆம் ஆண்டில் புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகை ஒன்றில் வெளியான இச்செய்தியின் சலனப்படத்தைக் கண்டோர் திகைத்தனர்.

இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று, சுழலும் மிதிகட்டையே காலுக்கு ஏவலாகின்றது என்பது. ஒரு கால் கீழே செல்ல மறுகால் மேலே வருகின்றது. அடுத்த அசைவை மூளை புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. மற்றொன்று, நடையை ஆளும் மூளைப் பகுதிகளும் மிதித்தலை ஆளும் பகுதிகளும் முற்றும் ஒன்றல்ல என்பது. இரண்டும் சேர்ந்தே உண்மையாதலும் கூடும். அடுத்த ஆண்டில் அதே குழுவினர் வேறொன்றையும் கவனித்தனர். பாக்கின்சன் நோயைப் போலத் தோன்றும் வேறு சில கொடிய நோய்கள் உள. அவற்றால் வருந்துவோர் நோயின் தொடக்கத்திலேயே சைக்கிள் ஓட்டும் ஆற்றலை இழந்துவிடுகின்றனர். ஆகவே, இப்போதும் சைக்கிள் ஓடுகிறீர்களா என்ற எளிய வினா, நோயைப் பகுத்தறிய வைத்தியருக்கு உதவலாயிற்று. யாழ்ப்பாணத்து வைத்தியரும் தயக்கமின்றிக் கேட்கத்தக்க வினா இது.

எண்ணிக்கையில் வலுவான சான்று 2019ஆம் ஆண்டில் வந்தது. நைமேகன் குழுவினர் ஆரம்ப நிலை நோயாளர் 130 பேரைத் தெரிந்து இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வீட்டிலே நிலையாகப் பொருத்திய சைக்கிளை வாரம் மூன்று முறை, முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வரை, இதயத்துடிப்பு உயரும்படி மிதித்தனர். சலிப்புத் தோன்றாதிருக்கத் திரையிலே விளையாட்டுக் காட்சிகள் ஓடின. மற்றப் பிரிவினர் உடலை நீட்டி வளைக்கும் இலகுவான அப்பியாசம் மட்டும் செய்தனர். ஆறு மாத முடிவில், மருந்தின் பலன் இறங்கியிருந்த நேரத்தில் அளந்தபோது, சைக்கிள் மிதித்தோர் மற்றையோரினும் 4.2 புள்ளிகள் மேலான நிலையில் இருந்தனர். நோய் அவர்களை விட்டு நீங்கவில்லை. மற்றப் பிரிவினர் கீழே சரிந்த அளவுக்கு இவர்கள் சரியவில்லை என்பதே இதன் பொருள். இரட்டைச் சைக்கிளும் வற்புறுத்தும் பயிற்சியாளரும் இல்லாமலே, தாமாக ஊக்கத்தோடு மிதித்தாலும் பயன் உண்டு என்பதும் இதனால் தெளிவாயிற்று. 2022ஆம் ஆண்டில் இதே நோயாளர் சிலரின் மூளைப் படங்களை ஒப்பிட்டபோது, மிதித்தோரின் மூளை சுருங்கும் வேகம் குறைந்திருந்தமை தெரியவந்தது.

சைக்கிள் ஒன்றே வழியென்று எண்ணிவிடலாகாது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே, மருந்து தொடங்காத 128 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், ஓடும் பட்டையின் மீது விரைவாக நடந்து இதயத்துடிப்பை அதன் உச்சத்தில் 80 முதல் 85 சதவீதம் வரை உயர்த்தியோருக்கு ஆறு மாதத்தில் நோய் ஏறக்குறைய இருந்த நிலையிலேயே நின்றது. சீனரின் தாய் சி என்னும் மெல்லசைவுப் பயிற்சி உடற்சமநிலையைக் காத்து விழுதலைக் குறைப்பதாக 195 பேரைக் கொண்ட 2012ஆம் ஆண்டின் ஆராய்ச்சி ஒன்று காட்டியது. கவர்ஸின் அமைதி வாழ்வுக்கு இவற்றினும் கூரிய மறுப்பு வேறில்லை.

1984ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் சைக்கிளோட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றவரும், பிரான்ஸைச் சுற்றும் பெரும் ஓட்டத்தில் இரு கட்டங்களில் வென்றவருமான டேவிஸ் பினி என்னும் அமெரிக்க வீரருக்கு, 2000ஆம் ஆண்டில் நாற்பது வயதளவில் இந்நோய் கண்டது. இளமை முழுவதும் சைக்கிள் மிதித்தும் அவருக்கு நோய் வந்தது என்பதை மறைத்தலாகாது. அவர் 2004ஆம் ஆண்டில் ஓர் அமைப்பை நிறுவி, நோயுடன் வாழ்வோருக்குத் தேகாப்பியாசத்தின் பயனை எடுத்துக் கூறும் பணியை மேற்கொண்டார்.

நேயர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நைமேகன் மனிதருக்கும் சைக்கிளில் ஏறுவதும் இறங்குவதுமே இடராக இருந்தன. வாகனங்கள் மலிந்த வீதியிலே, நிறுத்தற் சமிக்ஞை கண்டு சட்டென்று கால் ஊன்ற இயலாதவர் தனியே ஓட்டுதல் ஆபத்து. நிலையாகப் பொருத்திய சைக்கிளோ மூன்று சக்கரச் சைக்கிளோ இத்தகையோருக்கு ஏற்றது. இதய நோயுள்ளவர் வைத்தியரின் அனுமதி பெற்றே தொடங்கல் வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டு மிதிக்கத் தொடங்குவது பெருந்தவறு. பின்சக்கரம் தரையில் படாதவாறு தாங்கி ஒன்றில் ஏற்றிவிட்டால், வீட்டு விறாந்தையில் நிற்கும் பழைய சைக்கிளே போதும். முதல் நாள் பத்து நிமிடம், ஒருவர் அருகில் நிற்க.